ஸ்ட்ரெச்சர் சாருக்கு லைசென்ஸ் கிடைத்த கதை

எழுபதுகளில் மொன்ட்ரியாலில் குடியிருந்த தமிழர்களில், ஸ்ட்ரெச்சர் சார் கையால் ஒரு தடவையாவது கட்டுப் போட்டுக்கொள்ளாதவர் ஒருவர்கூடக் கிடையாது. பேராசிரியர்கள், டாக்டர்கள், என்னைப் போன்ற இன்ஜினியர்கள், அவர்களுடைய மனைவிமார்கள், மகளின் பிரசவத்துக்காக ஊரிலிருந்து வந்து மாட்டிக்கொண்ட ஒரு மாமனார் எல்லாரும் அவரிடம் கையையும் காலையும் ஒப்படைத்தவர்கள்தான். எங்களில் ஒருவருக்கும் ஒரு கீறல்கூட விழுந்திருக்கவில்லை என்பது வேறு விஷயம்.

அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்தது. பாஸ்போர்ட்டைத் தவிர வேறெங்கும் அது உபயோகத்தில் இருந்ததாக எனக்கு நினைவில்லை. மதுரைப் பக்கத்துக்காரர். பட்டாளத்தில் மருத்துவப் பிரிவில் சேர்ந்து ஸ்ட்ரெச்சர் தூக்கியவர். பிறகு எப்படியோ கனடா வந்து, ஒன்டாரியோவின் வடகோடியில் ஒரு சுரங்க ஊரில் ஆம்புலன்ஸ் உதவியாளராக இருந்தவர். குள்ளமான உருவம், அகலமான தோள், உதட்டை முழுக்க மூடிய மீசை. ஓவர்கோட்டின் இரண்டு பைகளிலும் பாண்டேஜ் உருண்டைகள் துருத்திக்கொண்டிருக்கும். கைகுலுக்கும்போதே நாடி பார்த்துவிடுவார்.

நான் அவரைப் பிடித்த இடம் ழான்-தலோன் மெட்ரோ ஸ்டேஷன். பிடித்தேன் என்பது தப்பு, அவர்தான் என்னைப் பிடித்தார். பக்கத்து மார்க்கெட்டில் உருளைக்கிழங்கு வாங்கிக்கொண்டு பிளாட்பாரத்தில் நிற்கிறேன். காகிதப் பை பனியில் நனைந்து ஊறிப்போய் அடியோடு கிழிந்தது. கிழங்குகள் நாலா பக்கமும் உருண்டன. "கர்மம், கர்மம்!" என்றேன். எதிரே புறப்படத் தயாராக நின்ற ரயிலின் கதவு மூடிக்கொண்டிருந்தது. அந்த இடுக்கில் ஒரு காலைக் கொடுத்து, உடம்பைப் பக்கவாட்டில் நுழைத்து, ஒரு மனிதர் வெளியே குதித்தார். குனிந்து கிழங்கைப் பொறுக்குவார் என்று பார்த்தால் என் முகத்துக்கு நேரே வந்து நின்றார்.

"இப்ப என்னமோ சொன்னீங்களே, அதை இன்னொரு தடவை சொல்லுங்க."

நான் பயந்துபோனேன். "உங்களைச் சொல்லலீங்க. கிழங்கைத்தான் திட்டினேன்."

"தெரியுது சார். இன்னொரு தடவை திட்டுங்க."

"கர்மம்," என்றேன் சன்னமாக.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "ஆகா! வருஷக்கணக்காச்சு சார், இதை இன்னொருத்தர் வாயால கேட்டு."

கிழங்கையெல்லாம் பொறுக்கித் தன் மஃப்ளரில் மூட்டையாகக் கட்டி, வில்லரேயில் இருந்த என் வீடு வரைக்கும் அவரே தூக்கிவந்தார். மூட்டையைத் தூக்கியவரை வாசலிலேயே நிறுத்தி, பிரெஞ்சில் மெர்சி என்று ஒரு நன்றி சொல்லி அனுப்ப முடியுமா? உள்ளே கூப்பிட்டேன். கிழங்கு பொரியலாகி, சாதத்தோடு அவர் வயிற்றுக்குள் போய்ச் சேர்ந்தது. எனக்கு அப்போது கல்யாணமாகவில்லை. என் சமையலைப் புகழ்ந்த முதல் மனிதர் அவர்தான். பேசினார், பேசினார், அப்படிப் பேசினார். அணைக்கட்டில் மதகைத் திறந்துவிட்டது போல வந்தது பேச்சு.

சுரங்க ஊரில் அவருக்கு ஒரு குறையும் இல்லை. நல்ல சம்பளம், நல்ல மனிதர்கள். தமிழ் பேச மட்டும் ஆள் கிடையாது. "பாஷை மறந்துடுமோன்னு பயம் வந்துடுச்சு சார். வண்டியில நினைவில்லாம கிடக்கிறவங்ககிட்ட மட்டும் தமிழ்ல பேசுவேன். 'ஒண்ணுமில்லப்பா, பயப்படாதே, இதோ ஆஸ்பத்திரி வந்துடுச்சு'ன்னு. கண்ணைத் திறந்தா டக்குனு நிறுத்திடுவேன்."

"ஏன்?"

"செத்துப்போய் வேற லோகத்துக்கு வந்துட்டோம், அங்க இந்த பாஷைதான் பேசறாங்கன்னு நினைச்சுட்டா?"

மொன்ட்ரியாலில் தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன, ஞாயிற்றுக்கிழமைகளில் யாராவது ஒருவர் வீட்டில் கூடிச் சாப்பிடுகிறார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவ்வளவுதான். வேலையை விட்டுவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு, பஸ் ஏறிவிட்டார். ஒன்டாரியோவில் வாங்கிய ஆம்புலன்ஸ் லைசென்ஸ் பையில் இருந்தது. மதுரையில் ஓட்டிய கையால் மெட்ராஸிலும் ஓட்டலாம் என்பதுதானே நமக்குத் தெரிந்த நியாயம். மொன்ட்ரியால் இருக்கும் க்யூபெக் மாகாணத்தில் அந்த நியாயம் செல்லவில்லை. இந்த மாகாணத்து லைசென்ஸ் வேண்டும், அதற்கு இங்கே பரீட்சை எழுத வேண்டும், பரீட்சை பிரெஞ்சில் என்று சொல்லிவிட்டார்கள்.

"ஒட்டாவா ஆத்துக்கு அந்தப் பக்கம், ஒன்டாரியோவில, மனுஷனுக்கு இருநூத்தி ஆறு எலும்பு. ஆத்தைத் தாண்டி வந்தா கூடிப்போகுதா, குறைஞ்சுபோகுதா? ஆபீஸ்ல இருந்த அம்மாகிட்ட இதைத்தான் சார் கேட்டேன்."

"அதுக்கு என்ன சொன்னாங்க?"

"எலும்பு அதேதான், ஆனா இங்க அது பிரெஞ்சுல வலிக்கும்னாங்க."

அந்த அம்மாள் சொன்னதில் நியாயம் இருப்பதாகவே எனக்குப் பட்டது. எதிரே உட்கார்ந்திருந்தவர் முகத்தைப் பார்த்ததும் அதைச் சொல்லத் தோன்றவில்லை.

ஒரு தனியார் ஆம்புலன்ஸ் கம்பெனி அவரை வண்டி கழுவும் வேலைக்கு எடுத்துக்கொண்டது. லைசென்ஸ் கிடைத்தால் வண்டிக்குள் ஏறலாம். கிடைக்காவிட்டால் திரும்பச் சுரங்க ஊருக்குப் போவதைத் தவிர வழியில்லை. அங்கே அவருடைய பழைய வேலையும், அவர் பேச்சைக் கேட்க நினைவில்லாத ஆட்களும் காத்திருந்தார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரை அஹுன்ட்சிக்கில் இருந்த பேராசிரியர் வீட்டுக்குக் கூட்டிப்போனேன். பேராசிரியர் கணிதம் சொல்லிக்கொடுப்பவர். எங்கள் கூட்டத்தின் தலைவர். அவர் மனைவி கமலா மாமியின் சாம்பாருக்காகத்தான் கூட்டமே கூடும் என்பது அவருக்குத் தெரியாது. ஸ்ட்ரெச்சர் சார் உள்ளே நுழைந்து, வணக்கம் சொல்லி, பேராசிரியரின் கையைப் பிடித்தார். பத்து நிமிஷத்தில் பேராசிரியரின் வலது கால் இரண்டு ஸ்கேலுக்கு நடுவே வைத்துக் கட்டப்பட்டிருந்தது. கட்டியது மாமியின் பழைய புடவைக் கிழிசல். "பரீட்சைக்குப் பழகணும் சார், தப்பா நினைச்சுக்காதீங்க," என்றார். "நோ நோ, கேரி ஆன்," என்றார் பேராசிரியர், எழுந்திருக்க முடியாமல். ஸ்ட்ரெச்சர் என்று அன்றைக்குப் பெயர் வைத்ததும் அவர்தான்.

கட்டுப் போடுவதில் ஸ்ட்ரெச்சர் சார் புலி. பிரெஞ்சுதான் தகராறு. எங்களிலும் யாருக்கு அது தெரியும்? எல்லாரும் ஆங்கிலத்திலேயே வேலை பார்த்து ஆங்கிலத்திலேயே சம்பளம் வாங்கியவர்கள். போன்ஜூர், மெர்சி இரண்டையும் வைத்து ஏழெட்டு வருஷம் ஓட்டியவர்கள் இருந்தார்கள். ஸ்ட்ரெச்சர் சார் விடவில்லை. தான் குடியிருந்த வீட்டுக்காரப் பாட்டியிடம் கேட்டுக் கேட்டு எழுதிவந்து, ஆளுக்கு ஒரு வியாதியும் அதற்குண்டான பிரெஞ்சு முனகலும் பங்கிட்டுக் கொடுத்தார். எனக்கு இடது தொடை. ஒரு டாக்டருக்கு நெஞ்சுவலி. பேராசிரியருக்குத் தலையில் அடி, நினைவு தப்பிவிட்டது, அதனால் வசனம் கிடையாது. இதில் அவருக்குக் கொஞ்சம் மனத்தாங்கல்தான்.

வரிசையாகத் தரையில் படுத்துக்கொள்வோம். அவர் ஒவ்வொருவர் பக்கத்திலும் மண்டியிட்டு, "ஊ அவே-வூ மால்?" என்பார். எங்கே வலிக்கிறது என்று அர்த்தம். நாங்கள் பிரெஞ்சில் முனகுவோம். குழந்தைகள் பள்ளிக்கூடத்தில் பேசிப் பழகிய பிரெஞ்சில் எங்கள் முனகலைத் திருத்துவார்கள். அப்பளம் கருகும் வாசனை வந்தால் நோயாளிகள் பாதி எழுந்து உட்காருவார்கள். "படுங்க சார், முதுகெலும்பு போயிடும்!" என்று அதட்டுவார் ஸ்ட்ரெச்சர் சார்.

கமலா மாமிக்கு வயிற்றுவலி கொடுத்திருந்தார். முதல் நாள் மாமி சிரித்துக்கொண்டேதான் படுத்தார். ஸ்ட்ரெச்சர் சார் மண்டியிட்டார். தலையணையைச் சரி செய்தார். நாடியைப் பிடித்துக்கொண்டு, "ஊ அவே-வூ மால், மதாம்?" என்று கேட்டார். மாமிக்கு வசனம் வரவில்லை. பார்த்தால் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"என்ன மாமி, நிஜமாவே வலிக்குதா?"

"இல்லைப்பா. நாடியைப் பிடிச்சுண்டு எங்கே வலிக்கறதுன்னு என்னை ஒருத்தர் கேட்டு எத்தனையோ வருஷமாச்சு. அதான். நீங்க நடத்துங்கோ."

பேராசிரியர் நினைவு தப்பியவர் என்பதையும் மறந்து தலையைத் தூக்கிப் பார்த்தார்.

இது ஒரு நாள் கூத்து என்றால் பரவாயில்லை. ஸ்ட்ரெச்சர் சார் வார நாட்களிலும் வர ஆரம்பித்தார். பத்து நிமிஷம் கட்டுப் போடுவார், இரண்டு மணி நேரம் பேசுவார். கட்டு அவிழ்க்காமல் நோயாளி ஓட முடியாது என்ற சூட்சுமம் எங்களுக்குத் தாமதமாகத்தான் புரிந்தது. அவர் படியேறும் சத்தம் கேட்டதும் ஒரு டாக்டர் வீட்டில் விளக்கை அணைத்துவிட்டு, குழந்தையின் வாயைப் பொத்திக்கொண்டு சோபாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார்களாம். அவர் வாசலில் நின்று, "ஆள் இல்லபோல," என்று தமிழிலேயே உரக்கச் சொல்லிவிட்டு இறங்கிப் போவாராம். தனியாகப் போகிறவர் அதை ஏன் உரக்கச் சொல்ல வேண்டும் என்று அந்த டாக்டரின் மனைவி பிறகு என்னிடம் கேட்டார். கதவுக்குப் பின்னால் கேட்க ஆள் இருப்பது அவருக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரிந்திருந்தது.

பரீட்சை வந்தது. எழுத்திலும் வாய்மொழியிலும் தேறிவிட்டார். மிச்சம் செய்முறை. துணைக்கு நான் போயிருந்தேன், கோட்டைப் பிடித்துக்கொண்டு நிற்க. பழைய பள்ளிக்கூடக் கட்டடம் ஒன்றின் நிலவறையில், ஒரு ஆள் நடக்கிற அகலத்துக்கு ஒரு நடை. அதில் நோயாளியாக ஒரு பருத்த மனிதர் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் இடைவெளி இல்லாமல் மல்லாந்து கிடந்தார். தலை எங்கள் பக்கம். உடைந்ததாகச் சொல்லப்பட்ட கால் அந்தப் பக்கம். தேர்வாளர் கையில் கடிகாரத்தோடு நின்றார்.

ஸ்ட்ரெச்சர் சார் மண்டியிட்டார். "ஊ அவே-வூ மால்?" என்று மணியாகக் கேட்டார். கால் என்றார் நோயாளி. இவர் காலைப் பார்த்தார். ஆளைப் பார்த்தார். சுவர்களைப் பார்த்தார். பிறகு "மெர்சி" என்று சொல்லிவிட்டு எழுந்து, என்னைக் கடந்து, படியேறி வெளியே போய்விட்டார்.

தேர்வாளர் என்னைப் பார்த்தார். நான் கோட்டைப் பார்த்தேன். நோயாளி மெதுவாகத் தலையைத் தூக்கிப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து நடையின் அந்தக் கோடியில் இருந்த கதவு படபடவென்று தட்டப்பட்டது. தேர்வாளர் நோயாளியை ஒரே எட்டில் தாண்டிப் போய்த் தாழ்ப்பாளைத் திறந்தார். மீசையெல்லாம் பனியோடு ஸ்ட்ரெச்சர் சார் உள்ளே வந்து, ஒன்றுமே நடக்காத மாதிரி காலுக்கு மரச் சிம்பு வைத்துக் கட்ட ஆரம்பித்தார். முழங்கால் அளவு பனியில், கோட்டும் இல்லாமல், கட்டடத்தையே சுற்றி வந்திருக்கிறார். அழகான கட்டு. ஆனால் இதற்குள் நிஜ நோயாளி என்றால் போய்ச் சேர்ந்திருப்பார் என்று சொல்லி ஃபெயில் போட்டுவிட்டார்கள்.

திரும்பும் வழியில் பஸ்ஸில் கேட்டேன். "தாண்டியிருக்கலாமே சார்?"

"படுத்திருக்கிற மனுஷனையா?" என்றார் அதிர்ச்சியோடு.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. படுத்திருப்பவரைத் தாண்டக் கூடாது, ஆயுசு குறையும். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் வளர்த்தார்கள். தெரியாமல் தாண்டிவிட்டால், "திரும்பித் தாண்டுடா" என்று அம்மா கரண்டியோடு வருவாள். திரும்பித் தாண்டினால் கணக்கு நேராகிவிடும்.

"அப்போ ஒன்டாரியோவில எப்படி சமாளிச்சீங்க?"

"அங்க எனக்கு ஒரு பார்ட்னர் இருந்தான் சார். அந்தப் பக்கம் எப்பவும் அவன் நிப்பான். நான் இந்தப் பக்கம். எனக்குத் தாண்ட வேண்டிய அவசியமே வரலை." ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் பேசாமல் வந்தார். அவர் பேசாமல் வந்த பயணம் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

மறுபடியும் செய்முறைப் பரீட்சைக்குப் போனார். நான் ஆபீஸில் மாட்டிக்கொண்டதால் போக முடியவில்லை. சாயங்காலம் போன் வந்தது. "தாண்டிட்டேன் சார்!" என்றார்.

"பிரமாதம்! பாஸா?"

"தாண்டினதும் மனசு கேக்கலை. பெரிய குடும்பஸ்தர் மாதிரி இருந்தார். திரும்பித் தாண்டிட்டேன்."

"சரி."

"இந்தப் பக்கம் வந்துட்டேன். கால் அந்தப் பக்கம் இருக்கே? திரும்ப அந்தப் பக்கம் தாண்டினேன். கணக்கு இடிச்சுது. திரும்பவும் இந்தப் பக்கம்..."

"எவ்வளவு நேரம் சார்?"

"தேர்வாளர் வந்து என் தோளைப் பிடிக்கிற வரைக்கும்."

கணிதப் பேராசிரியர் இதைக் கேட்டுவிட்டு, இந்த நிபந்தனையில் அந்தப் பக்கம் போய் நிற்க வழியே கிடையாது என்று ஒரு காகிதத்தில் நிரூபித்துக் காட்டினார். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தோம். ஸ்ட்ரெச்சர் சாரும் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, "இன்னொரு தடவைதான் விடுவாங்களாம். அதுவும் போச்சுன்னா நான் ஊரைக் காலி பண்ணணும்," என்றார்.

கமலா மாமிதான் வழி கண்டுபிடித்தார். "யார் மேலயாவது கால் பட்டுட்டா என்ன பண்றோம்? தொட்டுக் கண்ணுல ஒத்திண்டு மன்னிப்புக் கேட்டுடறோமோல்லியோ? அதே மாதிரி தாண்டறதுக்கு முன்னாடியே கேட்டுடுங்கோ. கேட்டுட்டுத் தாண்டினா தோஷம் கிடையாது."

"சாஸ்திரத்துல அப்படிச் சொல்லியிருக்கா மாமி?"

"நான் சொல்றேனே, போறாதா?" என்றார் மாமி.

அன்றைக்குப் பேராசிரியர் வீட்டுக் கூடத்தில் நான் மல்லாந்து படுத்தேன். ஸ்ட்ரெச்சர் சார் என் தோளைத் தொட்டுக் கண்ணில் ஒத்திக்கொண்டு, மன்னியுங்கள், உங்கள் நன்மைக்காக உங்களைத் தாண்டுகிறேன் என்று பிரெஞ்சில் சொல்லித் தாண்டினார். முதலில் கண்ணை மூடிக்கொண்டு தாண்டினார். பிறகு கண்ணைத் திறந்துகொண்டே தாண்டினார். பிறகு உற்சாகம் வந்துவிட்டது. இருட்டும் வரைக்கும் தாண்டினார். மாமி சொன்னது தப்பாக இருந்திருந்தால் இந்தக் கட்டுரையை எழுத நான் இருந்திருக்கமாட்டேன்.

கடைசிப் பரீட்சைக்கு நானும் போனேன். அதே நடை, அதே தேர்வாளர். அவர் கையில் கடிகாரத்தோடு ஒரு நாற்காலியும் கொண்டுவந்திருந்தார். இந்தத் தடவை நோயாளியாகப் படுத்திருந்தது வெள்ளைத் தலை மதாம் ஒருத்தி. ஸ்ட்ரெச்சர் சார் மண்டியிட்டு, கேட்க வேண்டியதைக் கேட்டு, அவள் தோளைத் தொட்டுக் கண்ணில் ஒத்திக்கொண்டார். மன்னிப்பு வாசகத்தைச் சொன்னார். பயிற்சியில் இல்லாத ஒரு வரியும் சேர்ந்து வந்தது. நீங்கள் நூறு வயசு இருக்க வேண்டும் என்று. சொல்லிவிட்டு ஒரே எட்டு. அந்தப் பக்கம் நின்றார்.

திரும்பித் தாண்டவில்லை. நான் மூச்சை விட்டேன்.

கட்டுப் போட்டு முடித்ததும் அந்த மதாம் அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றாள். என்னமோ கேட்டாள், இவர் என்னமோ சொன்னார், இரண்டு பேரும் பேசிக்கொண்டே இருந்தார்கள். தேர்வாளர் நோயாளியை ஆசுவாசப்படுத்துவதில் முழு மதிப்பெண் போட்டார் என்று பிறகு தெரிந்தது. இந்த மனிதர் பிரெஞ்சில் பேச ஆரம்பித்துவிட்டார், இனி அந்த ஊர் பிரெஞ்சுக்காரர்களும் அவர் பேச்சிலிருந்து தப்ப முடியாது என்று எனக்குத் தோன்றியது.

லைசென்ஸ் கைக்கு வரக் கொஞ்ச காலம் பிடித்தது. அந்தக் கொஞ்ச காலத்தில்தான் எங்கள் ஊர் மாறிப்போனது. இனி ஆபீஸில் பிரெஞ்சுதான் என்று சட்டம் வந்தது. கம்பெனிகள் ஒவ்வொன்றாக, ஆங்கிலம் செல்லுபடியாகும் ஒன்டாரியோவின் டொராண்டோவுக்குக் கிளம்பின. கம்பெனி போனால் இன்ஜினியர் இருந்து என்ன செய்வான்? நெஞ்சுவலி டாக்டர் குடும்பத்தோடு போனார். பிரசவத்துக்கு வந்த மாமனாரின் மருமகன் போனார். ஞாயிற்றுக்கிழமைச் சாம்பாரில் தண்ணீர் விட வேண்டிய அவசியமே இல்லாமல் போனது.

லைசென்ஸ் வந்த வாரம் ஸ்ட்ரெச்சர் சார் தன் அறையில் விருந்து வைத்தார். வீட்டுக்காரப் பாட்டியின் அடுப்பில் சாம்பார், ரசம், இரண்டு கறி, பாயசம். பெரிய கூட்டத்துக்குச் சமைத்திருந்தார். போனது பேராசிரியர், மாமி, நான் மூன்று பேர்தான். லைசென்ஸைச் சுவரில் மாட்டியிருந்தார். போட்டோவில் அந்த மீசை சிரித்தது. சாப்பாட்டுக்கு நடுவில் பேராசிரியர் தொண்டையைக் கனைத்தார். ஒன்டாரியோவில் ஒரு பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது, கோடை லீவில் கிளம்புகிறோம் என்றார். என் கம்பெனியும் போகிறது என்று நானும் அதோடு சேர்த்துச் சொன்னேன். தனியாகச் சொல்லும் தெம்பு எனக்கு இல்லை.

"அப்படியா, நல்லது, நல்லது," என்றார் ஸ்ட்ரெச்சர் சார். "ரசம் போட்டுக்கங்க." ஏற்கெனவே ரசம் வழிந்துகொண்டிருந்த என் தட்டில் இன்னும் ஒரு கரண்டி ஊற்றினார்.

ஜூலை ஒன்றாம் தேதி, வாடகைக் கெடுவெல்லாம் முடிந்து, மொன்ட்ரியாலில் ஊரே வீடு மாறும். தெருவெல்லாம் சோபாவும் மெத்தையுமாகக் கிடக்கும். நான் இருந்தது மாடி. வெளிப்புறத்தில் வளைந்து வளைந்து இறங்கும் இரும்புப் படி. அதில் பிரிட்ஜை இறக்க ஆள் தேடிக்கொண்டிருந்தபோது தெருவில் ஆம்புலன்ஸ் வந்து நின்றது. சீருடையில் ஸ்ட்ரெச்சர் சார் இறங்கினார், கூடவே அவருடைய புதுக் கூட்டாளி, ஒரு பிரெஞ்சுக்காரப் பையன். சாப்பாட்டு இடைவேளையாம். பிரிட்ஜை ஸ்ட்ரெச்சரில் கிடத்தி, கம்பளி போர்த்தி, மூன்று இடத்தில் வாரால் கட்டி, படிக்குப் படி பிரெஞ்சில் தைரியம் சொல்லிக்கொண்டே இறக்கினார்கள். எதிர் வீட்டு மதாம் பால்கனியில் நின்று சிலுவை போட்டுக்கொண்டாள்.

லாரி கிளம்பும்போது கேட்டுவிட்டேன். "நீங்களும் வந்துடுங்களேன் சார். டொராண்டோவில உங்க பழைய லைசென்ஸே செல்லுமே. எல்லாரும் அங்கதான் இருக்கப் போறோம்."

"யோசிச்சேன் சார்." மீசையை நீவிக்கொண்டார். "நான் பஸ் ஏறி வந்தப்போ இந்த ஊர்ல தமிழ் பேசறவங்க இருக்காங்கன்னு ஒரு தைரியம் இருந்தது. அதை நம்பித்தானே வந்தேன்? இனிமே எவனாவது ஒருத்தன் அதே மாதிரி நம்பி வந்து இறங்குவான். மெட்ரோவில நின்னு கேட்பான். ஒருத்தருமே இல்லைன்னா பாவமில்லையா?"

"வராமலே போயிட்டா?"

"வருவாங்க சார்," என்றார். அதற்குள் அவருக்கு ரேடியோவில் அழைப்பு வந்துவிட்டது. சைரன் போட்டுக்கொண்டு போனார்.

டொராண்டோவில் எங்களுக்குச் சங்கம், கோயில், தமிழ்ப் பள்ளி, சண்டை எல்லாம் அமைந்தது. ஸ்ட்ரெச்சர் சார் ஞாயிற்றுக்கிழமைகளில் போன் பண்ணுவார். வெளியூர் போனுக்குக் கட்டணம் ஏறிக்கொண்டே போகும், அதைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை. யாரையெல்லாம் வண்டியில் ஏற்றினார், எந்த மதாம் என்ன சொன்னாள், என்ன சமைத்தார் என்று ஒன்று விடாமல் சொல்வார். நான் "சரி சார்" என்பேன். அவர் "இன்னொண்ணு சொல்ல மறந்துட்டேன்" என்பார். கல்யாணமாகி என் மனைவி வந்த பிறகு, அடுப்பில் பால் பொங்குகிறது, வாசலில் யாரோ வந்திருக்கிறார்கள் என்று அவளும் பின்னாலிருந்து குரல் கொடுத்துப் பார்த்தாள். கடைசியில் நான்தான் போனை வைப்பேன். வைக்கும் வரைக்கும் அவர் அந்தப் பக்கம் காத்துக்கொண்டிருப்பார். ஒவ்வொரு தடவையும் வைத்த பிறகு எனக்கு மனசு சரியாக இருக்காது.

எழுபதுகள் முடியும் தறுவாயில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை. எனக்குக் கவலையாகிவிட்டது. நானே போட்டேன். வெகுநேரம் அடித்த பிறகு எடுத்தார். பின்னால் ஒரே இரைச்சல். தட்டுச் சத்தம், சிரிப்பு, இரண்டு மூன்று பேர் ஒரே சமயத்தில் பேசும் சத்தம். தமிழ்தான், ஆனால் வேறு ராகம்.

"யார் சார் அங்க?"

"யாழ்ப்பாணத்துப் பசங்க சார். போன மாசம் மெட்ரோவில ஒருத்தனைப் பிடிச்சேன். அவன் நாலு பேரைக் கூட்டிட்டு வந்தான். ஒருத்தனுக்கும் பிரெஞ்சு தெரியாது. வீடு பார்க்க, டாக்டர்கிட்ட பேச, எல்லாத்துக்கும் என்னைத்தான் இழுக்கறாங்க. நேத்து ஒருத்தனுக்கு வேலை கேட்டு நான்தான்..."

பின்னாலிருந்து ஒரு குரல் குறுக்கிட்டது. "அண்ணை, வாங்கோ! சோறு ஆறுது. பேந்து கதைக்கலாம்!"

"இதோ வந்துட்டேன்ப்பா! சார், நான் அப்புறம் கூப்பிடறேன், தப்பா நினைச்சுக்காதீங்க," என்றார். டக்கென்று வைத்துவிட்டார்.

பேச எனக்கு இன்னும் எவ்வளவோ இருந்தது. ஆனாலும் அன்றைக்கு இருந்த சந்தோஷத்தில், செத்த போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.